வீட்டுக்கு வந்த அச்சுக்கூடம்

இரவு மணி பத்தரை. மறுநாள் காலை ஆறரைக்கெல்லாம் இருபத்தைந்து பிள்ளைகள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கணக்குப் பரீட்சை. கேள்வித்தாள் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கிறது. அதைக் காகிதத்தில் இறக்குவதுதான் பாக்கி. டீச்சர் பொத்தானை அமுக்குகிறார். மேஜை மேல் இருக்கும் யந்திரம் தொண்டையைச் செருமிக்கொள்வதுபோல் ஒரு சத்தம் போடுகிறது. பிறகு மௌனம். அதன் சின்னஞ்சிறு திரையில் ஒரு செய்தி மின்னுகிறது: மஞ்சள் மை தீர்ந்துவிட்டது!

"மஞ்சள் எதுக்குங்க இப்ப? கேள்வித்தாள் பூராவும் கறுப்புதானே!" என்று கணவரிடம் கேட்கிறார் டீச்சர்.

கணவர் என்ன பதில் சொல்வார், பாவம்! யந்திரத்தை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கிறார். பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பார்க்கிறார். மஞ்சள் இல்லாவிட்டால் கறுப்பும் இல்லை என்று அது அடம் பிடிக்கிறது. ஊரில் ஜெராக்ஸ் கடைகள் எல்லாம் கதவைச் சாத்தியாகிவிட்டது.

இந்த டீச்சர் கற்பனைப் பாத்திரந்தான். ஊர் கும்பகோணம் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அவர் பட்ட அவஸ்தை கற்பனையல்ல. பிரிண்டர் வைத்திருக்கும் வீடுகளில் ஏறக்குறைய எல்லோரும் ஒரு முறையாவது பட்டதுதான். நாலு நிறமும் இருந்தால்தான் வேலை செய்வேன் என்று பிடிவாதம் பிடிக்கும் யந்திரங்கள் மார்க்கெட்டில் இருக்கின்றன. வாங்கும்போது இதைக் கேட்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது காரியாலயமே வீட்டுக்குள் குடிவந்தது. ஊரடங்கு போய்விட்டது, குடிவந்தது முழுக்கப் போகவில்லை. வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறவர்கள், டியூஷன் நடத்துகிறவர்கள், இன்ஷூரன்ஸ் ஏஜென்டுகள், துணி வியாபாரம் செய்யும் பெண்மணிகள் என்று பலருக்கும் வீட்டு மேஜையே ஆபீஸ் மேஜை. அந்த மேஜைக்கு ஏற்றதென்று வந்ததுதான் 'ஆல் இன் ஒன்' என்னும் யந்திரம். அச்சடிக்கும், ஸ்கேன் செய்யும், ஜெராக்ஸ் எடுக்கும். இத்தனையும் கம்பித் தொடர்பு இல்லாமல், கையிலிருக்கும் போனிலிருந்தே. ஒரு காலத்தில் இவற்றுக்கு மூன்று தனித்தனி யந்திரங்கள் வேண்டியிருந்தன என்பதை நினைத்தால் இது பெரிய சௌகரியந்தான். ஆனால் அந்தச் சௌகரியத்தின் விலை பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் விலை அல்ல. டீச்சர் அதைத் தெரிந்துகொள்ள ஒரு பள்ளி வருஷம் ஆயிற்று.

கடையில் நடந்தது

ஜூன் மாதம் அவர் கடைக்குப் போனார். கடைக்காரத் தம்பி ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டினான்.

"அக்கா, இது நாலாயிரத்து ஐந்நூறுதான். பிரிண்ட், ஸ்கேன், ஜெராக்ஸ் மூணும் ஒண்ணுலேயே. வயரே வேண்டாம், போன்லேருந்தே அனுப்பிக்கலாம்."

"மை?"

"மை உள்ளேயே இருக்குக்கா."

இருந்தது வாஸ்தவந்தான். ஆனால் புது யந்திரத்தோடு வரும் மைக் கூட்டில், அதாவது கார்ட்ரிட்ஜில், பல சமயங்களில் கடையில் தனியாக விற்பதைவிடக் குறைந்த மையே இருக்கும். அது தீர்ந்த பிறகுதான் உண்மையான கணக்கு ஆரம்பமாகிறது.

அந்தக் கணக்கை உதாரணமாகப் போட்டுப் பார்க்கலாம். கார்ட்ரிட்ஜின் விலை 800 ரூபாய். அது 200 பக்கம் அச்சடிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கத்துக்கு மைக்கூலி மட்டும் 4 ரூபாய். டீச்சருக்கு வாரம் ஒரு பரீட்சை. ஒரு பிள்ளைக்கு 4 பக்கம் வீதம் 25 பிள்ளைகளுக்கு 100 பக்கம். மாதம் 400 பக்கம். அதாவது மாதம் 1,600 ரூபாய். பத்து மாதப் பள்ளி வருஷத்துக்கு 16,000 ரூபாய்! யந்திரத்தின் விலையைப்போல மூன்றரை மடங்கு. பிள்ளைக்கு மாதம் 500 ரூபாய் வாங்குகிறவருக்கு, மூன்று பிள்ளைகளின் சம்பளம் அப்படியே மைக்குப் போய்விடுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு 2 ரூபாய் என்று கொடுத்திருந்தாலும் மாதம் 800 ரூபாயோடு போயிருக்கும். கடைக்கு அலைய வேண்டாமே, கொஞ்சம் மிச்சமும் ஆகட்டுமே என்று வாங்கிய யந்திரம், கடையைப்போல் இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டது.

யந்திரத்தை மலிவாகக் கொடுத்துவிட்டு மையில் லாபம் பார்ப்பது இந்த வியாபாரத்தில் வெகுகாலமாக இருந்துவரும் வழக்கம். அதில் ரகசியம் ஒன்றுமில்லை. பெட்டியின் விலையைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் பக்கத்தின் விலையைப் பெரும்பாலும் அப்படிப் போடுவதில்லை, அவ்வளவுதான். அதை வாங்குகிறவரே வகுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். மை விலையைப் பக்கங்களால் வகுக்கும் இந்தக் கணக்குக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புப் போதும்.

பக்கம் என்பது எது?

மைப் பெட்டியின் மேல் 'இத்தனை பக்கம்' என்று போட்டிருப்பது இஷ்டத்துக்குப் போட்டதல்ல. அதற்குச் சர்வதேச அளவுகோல் இருக்கிறது. வண்ண மை யந்திரங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 24711, கறுப்பு லேசர் யந்திரங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 19752. இந்த முறைப்படி, குறிப்பிட்ட மாதிரிப் பக்கங்களைத் தொடர்ந்து அச்சடித்துக்கொண்டே போய், மை தீரும்வரை எண்ணுகிறார்கள்.

'தொடர்ந்து' என்பதுதான் கவனிக்கவேண்டிய வார்த்தை. வீட்டில் யாரும் அப்படித் தொடர்ந்து அச்சடிப்பதில்லை. இன்றைக்கு மூன்று பக்கம், அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பக்கம் என்றுதான் நடக்கும். நடுவே யந்திரம் விழித்தெழும்போதெல்லாம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளக் கொஞ்சம் மையைச் செலவழிக்கிறது. ஆகவே, போட்டிருக்கும் எண்ணிக்கை வீட்டில் கிடைக்காது. குறைத்தே மதிப்பிடுவது நல்லது. முழுப் பக்கப் புகைப்படம் அச்சடித்தால் எண்ணிக்கை இன்னும் பல மடங்கு சரியும்.

சூடுபட்ட ஊசி

மை ஏன் இப்படிச் செலவாகிறது, ஏன் காய்ந்து அடைத்துக்கொள்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஜப்பானுக்குப் போக வேண்டும். 1977-ல் கானன் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் இச்சிரோ எண்டோ என்ற எஞ்சினீயர் வேலை செய்துகொண்டிருந்தார். மை நிரப்பிய ஓர் ஊசிக்குழலின் மேல், பற்றவைக்கும் சூட்டுக்கோல் தற்செயலாகப் பட்டுவிட்டது. உடனே ஊசி முனையிலிருந்து மை பீறிட்டுத் தெறித்தது. சூட்டினால் உள்ளே குமிழி உண்டாகி, அது மையை வெளியே தள்ளியிருக்கிறது! இந்தக் குமிழித் தத்துவத்தை அமெரிக்காவில் ஹ்யூலெட் பேக்கார்டு கம்பெனியாரும் தனியாகக் கண்டுபிடித்தார்கள். 1984-ல் அவர்கள் வெளியிட்ட 'திங்க்ஜெட்' மேஜை மேல் வைக்கும் மைத்தெறிப்பு யந்திரங்களில் முன்னோடி. எப்ஸன் கம்பெனியார் வேறு வழியில் போனார்கள். மின்சாரம் பட்டால் வளைந்துகொடுக்கும் ஒருவகைப் பொருளைக் கொண்டு, சூடு இல்லாமலே மையை அமுக்கித் தள்ளுவது அவர்கள் முறை.

எந்த முறையானாலும் மை வெளிவரும் துவாரம் தலைமயிரைவிட நுண்ணியது. ஒரு துளியின் அளவு சில பிக்கோலிட்டர். ஒரு லிட்டரை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்குதான் ஒரு பிக்கோலிட்டர். அத்தகைய துவாரத்தில் மை ஒரு மாதம் சும்மா நின்றால் என்ன ஆகும்? மூடியில்லாமல் வைத்த மைப்பேனா நிப்பின் கதிதான். அப்போது யந்திரம் நிறைய மையை உறிஞ்சித் தள்ளித் துவாரங்களைக் கழுவுகிறது. கழுவிய மை எங்கே போகிறது? அடியில் இருக்கும் ஒரு பஞ்சு மெத்தைக்கு. வருஷக்கணக்கில் அந்தப் பஞ்சு ஊறி நிரம்பியதும் யந்திரம் வேலைநிறுத்தம் செய்துவிடும். சில மாடல்களில் அந்தப் பஞ்சுப் பெட்டியை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். மற்றவற்றில் மெக்கானிக்கைத்தான் தேட வேண்டும். வாங்கும்போதே இதையும் கேட்டுவைப்பது உத்தமம்.

குப்பியில் வந்த மை

கார்ட்ரிட்ஜ் விலையைக் கண்டு ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. ஆசிய நாடுகளில் பலர் யந்திரத்தின் பக்கவாட்டில் புட்டிகளைக் கட்டி, ரப்பர் குழாய் வைத்து, வெளியிலிருந்தே மை ஊட்டத் தொடங்கினார்கள். கடைசியில் கம்பெனிகளே இறங்கிவந்தன. 2010-ல் எப்ஸன், மைத்தொட்டி வைத்த யந்திரத்தை இந்தோனேஷியாவில் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு மற்றக் கம்பெனிகளும் தொடர்ந்தன. 'இங்க் டேங்க்' என்று இன்று கடைகளில் சொல்வது இதைத்தான். தொட்டியில் மை குறைந்தால் குப்பியைக் கவிழ்த்து ஊற்றிக்கொள்ள வேண்டியது. சமையலறையில் எண்ணெய்ச் சட்டத்தை நிரப்புவதைவிடச் சுலபம்.

குப்பி 400 ரூபாய், 4,000 பக்கம் என்று வைத்தால் பக்கத்துக்கு 10 காசு. டீச்சருக்கு மாதம் 1,600 ரூபாய் ஆன இடத்தில் 40 ரூபாய்! 500 தாள் கொண்ட ரீம் 300 ரூபாய் என்றால், இரண்டு பக்கமும் அச்சடித்தாலும் மாதம் காகிதத்துக்கு 120 ரூபாய் ஆகிறது. மையைவிடக் காகிதம் அதிகச் செலவு என்ற நிலை வந்துவிடுகிறது. ஆகவே, தாளைத் தானே திருப்பி இருபுறமும் அச்சடிக்கும் வசதி உள்ள யந்திரமானால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

ஆனால் தொட்டி யந்திரத்தின் விலை அதிகம். 13,000 ரூபாய் என்று கொண்டால் முந்தையதைவிட 8,500 ரூபாய் கூடுதல். பக்கத்துக்கு 3 ரூபாய் 90 காசு மிச்சமானால், அந்த 8,500 திரும்பி வரச் சுமார் 2,200 பக்கம் அச்சடிக்க வேண்டும். மாதம் 400 பக்கம் அடிக்கும் டீச்சருக்கு ஐந்தரை மாதத்தில் வந்துவிடும். மாதம் பத்துப் பக்கம் அடிக்கும் வீட்டுக்கு எப்போது வரும்? பதினெட்டு வருஷம்! அதற்குள் யந்திரமும் இராது, அதன் மையும் கடையில் கிடைக்காது.

எனவே கடைக்குப் போகுமுன் ஒரு மாதம் பக்கங்களை எண்ணி ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைப்பதைவிடப் பெரிய புத்திமதி ஒன்றுமில்லை. மாதம் பத்து, இருபது பக்கமே வேண்டியிருப்பவர்கள் பிரிண்டரே வாங்க வேண்டாம்; தெருமுனைக் கடை இருக்கவே இருக்கிறது. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்!

சமையலறையில் பிறந்த ஜெராக்ஸ்

இன்னொரு சாரார் இருக்கிறார்கள். மூன்று வாரம் ஒன்றுமே அச்சடிக்கமாட்டார்கள். பிறகு ஒரே நாளில் நூறு பக்கம் வேண்டும். வக்கீல்களும் கணக்கு எழுதுகிறவர்களும் பெரும்பாலும் இந்த ரகம். இவர்களுக்கு மை யந்திரம் தலைவலி. அடிக்கடி காய்ந்துபோகும். இவர்களுக்கு ஏற்றது, ஈர மையே இல்லாத லேசர் யந்திரம்.

இதன் மூலபுருஷர் நியூயார்க்கில் காப்புரிமை இலாகா ஒன்றில் வேலை பார்த்த செஸ்டர் கார்ல்ஸன். பத்திரங்களுக்கு நகல் எடுத்து எடுத்து அலுத்துப்போனவர். மூட்டுவலி வேறு. நகல் எடுக்க ஒரு யந்திரம் இருந்தால் என்ன என்று யோசித்து, முதலில் வீட்டுச் சமையலறையிலேயே பரிசோதனை தொடங்கினார். 1938 அக்டோபர் 22-ந் தேதி, அஸ்டோரியா என்ற இடத்தில் ஒரு வாடகை அறையில், ஆட்டோ கோர்னே என்ற உதவியாளருடன் வெற்றி கண்டார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினார்கள். எழுதிய கண்ணாடியை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டினார்கள். பிறகு ஒருவகைத் தாவரப் பொடியைத் தூவி ஊதியதும், எழுத்து இருந்த இடத்தில் மட்டும் பொடி ஒட்டிக்கொண்டு நின்றது. அதை மெழுகுக் காகிதத்தில் ஒற்றி எடுத்தார்கள். முதல் ஜெராக்ஸ் நகலில் இருந்தவை அந்தத் தேதியும் ஊரின் பெயருந்தான்.

இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் அவரைத் திருப்பி அனுப்பின. 1959-ல் 'ஜெராக்ஸ் 914' வெளிவந்த பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெயர் தமிழ்நாட்டில் கம்பெனியின் பெயராக இல்லாமல் காரியத்தின் பெயராகவே ஆகிவிட்டது. நகல் எடுக்க வேண்டும் என்று எந்தக் கிராமத்தில் யார் சொல்கிறார்கள்? ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்றுதானே!

அதே தத்துவந்தான் லேசர் யந்திரத்திலும். கந்தகத் தகட்டுக்குப் பதில் உருளை. தாவரப் பொடிக்குப் பதில் டோனர் என்னும் கறுப்புப் பொடி. பொடி காய்வதற்கில்லை, ஆறு மாதம் சும்மா கிடந்தாலும் எழுப்பினால் அச்சடிக்கும். தண்ணீர் பட்டால் எழுத்து கலையாது. பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய் என்று கொண்டால் தொட்டி யந்திரத்தைவிட அதிகம், கார்ட்ரிட்ஜைவிடக் குறைவு. ஒரு முக்கிய விஷயம்: பொடியை உருக்கிக் காகிதத்தில் ஒட்டவைக்க, உள்ளே ஏறக்குறைய 200 டிகிரி செல்ஷியஸ் சூடு உண்டாக்குகிறார்கள். அந்தச் சமயத்தில் மின்சாரத்தை ஒரேயடியாக இழுக்கும். கரண்ட் போனால் உதவட்டும் என்று சின்ன யு.பி.எஸ். பெட்டியிலோ வீட்டு இன்வெர்ட்டரிலோ இதை மாட்டுவது கூடாது. மை யந்திரத்துக்கு அந்தப் பயம் இல்லை.

தண்ணீர் என்றதும் ஒன்று. மையிலும் சாயம் கரைந்த மை, நிறப்பொடி கலந்த மை என்று இரண்டு ஜாதி உண்டு. சாய மையில் அச்சடித்த கடிதத்தின் மேல் மழைத்துளி விழுந்தால் எழுத்து ஓடிவிடும். பொடி கலந்தது நிற்கும். பத்திரம், விண்ணப்பம் என்று அடிக்கடி வெளியே கொடுக்கிறவர்கள் கறுப்பு மை எந்த ஜாதி என்று விசாரிக்க வேண்டும்.

கம்பியில்லாத தொல்லை

டீச்சரின் வீடு பழைய காலத்து வீடு. வாசலில் ரூட்டர், யந்திரம் பின்கட்டில். நடுவே ஒன்றரை அடிச் செங்கல் சுவர்கள் இரண்டு. முதல் நாள் யந்திரம் வைஃபையைக் கண்டுபிடிக்கவே இல்லை. கடைக்காரத் தம்பிக்கு நாலு முறை போன் போயிற்று.

காரணம் எளிது. இன்றைய ரூட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைகளில் பேசும். ஐந்து வேகமானது, ஆனால் சுவரைத் துளைத்துப் போவதில் சோனி. இரண்டு புள்ளி நாலு மெதுவானது. ஆனால் தூரம் போகும். வீட்டு யந்திரங்களில் பல இந்த இரண்டாவதை மட்டுமே கேட்கும். போன் ஐந்திலும் யந்திரம் மற்றதிலும் இருந்தால், முதன்முறை இணைக்கும்போது ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் தவிக்கின்றன. இணைக்கும் நேரத்துக்குப் போனையும் 2.4-க்கு மாற்றி, யந்திரத்தை ரூட்டர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, வேலை முடிந்ததும் பழைய இடத்துக்கு எடுத்துப் போனால் சரியாகிவிடும். அங்கே அலை எட்டவில்லை என்றால் யந்திரத்தின் இடத்தை மாற்றுவதுதான் வழி.

இன்னொரு தொல்லை, நேற்றுவரை ஒழுங்காக வேலை செய்த யந்திரம் இன்று 'ஆஃப்லைன்' என்று கைவிரிப்பது. ரூட்டர் அணைந்து எரியும்போது யந்திரத்துக்குக் கொடுத்திருந்த விலாசத்தை மாற்றிவிடுகிறது. கம்ப்யூட்டர் பழைய விலாசத்துக்கே தபால் அனுப்பிக்கொண்டிருக்கிறது. ரூட்டர் அமைப்புக்குள் போய் அந்த யந்திரத்துக்கு நிரந்தர விலாசம் ஒதுக்கிவிட்டால் இந்த வம்பு தீரும். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் பத்து நிமிஷ வேலை. வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றினால் யந்திரத்துக்கும் புதிதைச் சொல்லித்தர வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிட்டு, யந்திரம் கெட்டுப்போயிற்று என்று தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்கள்.

ரூட்டரே இல்லாவிட்டாலும், 'வைஃபை டைரக்ட்' உள்ள யந்திரத்தோடு போன் நேராகப் பேசும். எதுவும் ஒத்துவராத இரவில் கைகொடுப்பது பழைய யு.எஸ்.பி. கம்பிதான். அதைப் பெட்டியோடு பரணில் போட்டுவிடக் கூடாது.

கம்பியில்லா யந்திரம் இன்டர்நெட்டோடு சேர்ந்திருப்பதில் இன்னொரு சங்கதி உண்டு. கம்பெனி அனுப்பும் புது மென்பொருள் இரவோடு இரவாக வந்து இறங்கலாம். நேற்றுவரை ஏற்றுக்கொண்ட வேற்றுக் கம்பெனி கார்ட்ரிட்ஜை இன்று அது மறுக்கலாம். கார்ட்ரிட்ஜில் இருக்கும் சிறிய சிப்பு அதற்குக் காவல்காரன். காலிக் கார்ட்ரிட்ஜை நிரப்பி விற்றவர்கள் மேல் லெக்ஸ்மார்க் கம்பெனி தொடுத்த வழக்கு அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட் வரை போய், ஒரு பொருளை விற்றபின் அதன்மேல் காப்புரிமை அதிகாரம் செல்லாது என்று 2017 மே மாதம் தீர்ப்பாயிற்று. சட்டம் அப்படிச் சொன்னாலும் சிப்பு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. மலிவுக் கார்ட்ரிட்ஜை நம்பி யந்திரம் வாங்க நினைப்பவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கண்ணாடியின் மேல் மறந்தது

ஸ்கேன் செய்வதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எழுத்துப் பத்திரத்துக்கு 300 டி.பி.ஐ. போதும், பழைய போட்டோவுக்கு 600 வைக்கலாம். அதற்குமேல் போனால் கோப்பு பருத்துப்போய், விண்ணப்பத் தளங்கள் 'அளவு மீறியது' என்று திருப்பி அனுப்பும். பத்து இருபது தாள்களை ஒரேமூச்சில் ஸ்கேன் செய்கிறவர்களுக்குத் தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் மேல்தட்டு அவசியம். மற்றவர்களுக்கு அது வீண் செலவு.

வீட்டு உபயோகத்துக்கு மிகவும் பயன்படுவது 'ஐ.டி. காப்பி' என்ற பொத்தான். ஆதார் அட்டையின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஒரே தாளில் எடுத்துக் கொடுக்கும். ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்க நேரும்போது, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை இறக்கி அச்சடித்துக் கொடுப்பது பத்திரம். இந்த விஷயத்தில் வீட்டு யந்திரம் கடையைவிட மேல். நகல் வேறு கம்ப்யூட்டரில் தங்காது. ஆனால் அசல் அட்டையைக் கண்ணாடி மேலேயே விட்டுவிட்டு மறுநாள் வீடெல்லாம் தேடுவதற்கு எந்த யந்திரமும் மருந்து கண்டுபிடிக்கவில்லை!

யந்திரத்துக்கும் ஒரு வைத்தியம்

வாங்கிய பிறகு செய்யவேண்டியவை சொற்பம். மை யந்திரமானால் வாரம் ஒருமுறை நாலு நிறமும் படும்படி ஒரு பக்கம் அச்சடித்துவிட வேண்டும். அந்த ஒரு பக்க மை, அடைப்பெடுக்கக் கழுவும் மையைவிட எவ்வளவோ குறைவு. இரவில் சுவர் ஸ்விட்சை அணைத்து நிறுத்துவது பல வீடுகளில் பழக்கம். அது தவறு. யந்திரத்தின் சொந்தப் பொத்தானை அமுக்கினால்தான் அச்சுத்தலை தன் இடத்துக்குப் போய் மூடி போட்டுக்கொண்டு தூங்கும். நடுவழியில் மின்சாரத்தை நிறுத்தினால் வாய் திறந்தபடியே கிடந்து காயும்.

தொட்டி யந்திரத்தைச் சாய்த்துத் தூக்கக் கூடாது. வீடு மாறும்போது அவசியம் கவனிக்க வேண்டும். ஐப்பசி மழையில் ரீமைப் பிரித்து வைத்தால் தாள் ஈரம் குடித்துச் சுருண்டு, இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு உள்ளே மாட்டும். வேண்டிய தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை உறையோடு மடித்து வைக்க வேண்டும். சிக்கிய தாளைக் கோபத்தில் எதிர்ப்பக்கம் இழுத்தால் உருளைப் பல் உடையும். பல்லிக்கும் கரப்பானுக்கும் யந்திரத்தின் வெதுவெதுப்பு மிகவும் பிடித்தமானது. அம்மா தையல் மெஷினுக்குப் போடும் உறையைப்போல ஒரு துணி உறை போட்டுவைத்தால் மெக்கானிக்குக்குக் கொடுக்கும் பணம் மிச்சம்.

டீச்சர் அடுத்த ஜூனில் அதே கடைக்குப் போனார். பழைய யந்திரத்தையும் கையோடு எடுத்துப் போயிருந்தார். தம்பி வழக்கம்போல் ஒரு பெட்டியைத் தட்டினான். டீச்சர் பெட்டியைப் பார்க்கவில்லை.

"குப்பி மை என்ன விலை தம்பி? எத்தனை பக்கம் வரும்? ஒரு நிறம் தீர்ந்தா மத்தது ஓடுமா? பஞ்சுப் பெட்டிய நானே மாத்தலாமா, இல்ல மெக்கானிக் வரணுமா? சர்வீஸ் இந்த ஊர்லயா, தஞ்சாவூர்லயா?"

தம்பி கையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்கக்கா," என்றான். "அப்பாவக் கூப்பிடுறேன்."